வெயில்ல நிக்காத கண்ணு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லக் கூடியவர் என் வீட்டுக்காரர்தான். எந்தச் சத்தம் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, எது இடப்பக்கப் பெட்டியிலிருந்து வந்தது என்று பிசகாமல் சொல்வார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வரும், ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும். அதோடு எங்கள் ஊரில் இந்தக் கதை ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. யாராவது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, துளசிமணி சொன்னதில்தான் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆனாலும் சொல்கிறேன். அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறவர். எங்களுடையது கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஊர். மஞ்சளுக்கு நல்ல விலை வந்த காலத்தில் புது வீடு கட்டியவர்கள் எல்லோரும் சாமி அறைக்கு அடுத்தபடியாகப் படம் பார்க்க ஓர் அறை கட்டினார்கள். அந்த அறைகளில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் தரை அதிரக் குமுறுகிற குண்டுப்பெட்டி ஒன்று என்று மாட்டி, ஹெலிகாப்டர் தலைக்கு மேலே சுற்றிப் போவதைக் காட்டிவிட்டு வருவார். அதற்குப் பெயர் சரவுண்ட். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அவர் கேட்பது பழைய படங்களின் ஒற்றைச் சத்தத்தைத்தான். அது மோனோ. கதாநாயகன் பேச்சும் வண்டிமாட்டுச் சலங்கையும் பின்னணி வயலினும், ஒரு வீட்டு மனிதர்கள் ஒரே வாசல் வழியாகக் கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி, ஒரே பெட்டியிலிருந்து ஒன்றாக இடித்துக்கொண்டு வரும்.

"ஆறு பெட்டிய மாட்டிப் பொழைக்கிறீங்க, ஒத்தைப் பெட்டிக்கு வக்காலத்து வாங்கறீங்க" என்பேன்.

"பிராந்திக் கடை வெச்சிருக்கறவனெல்லாம் குடிக்கிறானா அம்மிணி?" என்பார்.

பழைய படங்களைத் துடைத்துப் புதிதாக ப்ளூரே போடுகிறார்கள் அல்லவா, அப்படி ஒன்று வந்தால் அதை வாங்கி, தன்னிடம் உள்ள பழைய டிவிடியையும் எடுத்து, இரண்டு டிவியில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இந்தக் காது அதற்கு, அந்தக் காது இதற்கு என்று உட்கார்ந்துகொள்வார். இங்கே ஒருத்தர் இருமினார், இருமலை எடுத்துவிட்டார்கள் என்பார். இந்தக் கதவு தேக்குக் கதவு மாதிரிச் சாத்தியது, இப்போது பீரோக் கதவு மாதிரிச் சாத்துகிறது என்பார். உடனே அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, பழைய மோனோவையும் கூடவே வைக்காமல் எப்படி வெளியிடலாம் என்று சண்டை பிடிப்பார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் எடுத்த படம் ஒன்று உண்டு. நடிகர்கள் பேச்சையெல்லாம் பிறகு மெட்ராசில் பேசிச் சேர்த்தார்கள். சந்தை இரைச்சலை மட்டும் இங்கேயே, புளியமரத்தில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பிடித்தார்கள். அந்தச் சந்தையில் அப்போது மூக்கணாங்கயிறு விற்றுக்கொண்டிருந்தவள் என் அம்மா ராமாத்தாள். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் முகத்துக்கு ஒரு போட்டோ இருக்கிறது. குரலுக்கு ஒன்றும் கிடையாது.

அந்தப் பழைய டிவிடியில், கதாநாயகன் தொலைந்த மாட்டைத் தேடி வருகிற இடத்தில், எல்லா இரைச்சலுக்கும் அடியில், ஓடுகிற தண்ணீருக்குள் கிடக்கிற கல் மாதிரி ஒரு பொம்பளைக் குரல் கிடக்கும். என்ன சொல்கிறது என்று ஒரு எழுத்தும் பிடிபடாது. "உங்கம்மாளா இருந்தாலும் இருக்கும் துளசி" என்று அவர் சொல்வார். நான் பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்பு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

பிறகு அந்தப் படத்துக்கும் ப்ளூரே வந்தது. சந்தை இரைச்சலையே எடுத்துவிட்டு, வேறெங்கோ பிடித்த சுத்தமான இரைச்சலை ஆறு பெட்டிக்கும் பங்கு வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு கடல்காக்கை கத்தியது.

"மாட்டுச் சந்தையில கடல்காக்கா! அது எந்த பஸ்சேறி இங்க வந்துது?" என்று அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. எத்தனை இடத்தில் என்னென்ன போயிருக்கிறது என்று பார்த்தே தீர்வதென்று இரண்டு பிளேயரையும் ஒரே பெட்டிகளுக்குச் சேர்த்து மாட்டினார். அந்தக் கோபத்தில்தான் பழையதின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவருடைய தொழிலில் இது கற்றுக்குட்டி கூடச் செய்யாத பிழை. அப்படிக் கொடுத்தால் ஒன்று முன்னால் தள்ள மற்றொன்று பின்னால் இழுக்கும். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது மட்டும் மிஞ்சும்.

அப்படியே ஆயிற்று. கதாநாயகன் வாய் அசைந்தது, பேச்சில்லை. வயலின் ஓய்ந்தது. சந்தைக் காட்சி வந்ததும், புதியதில் இல்லாமல் போனதெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிகளை விட்டு இறங்கின: யாரோ ஓர் ஆளின் இருமல், ஒரு சைக்கிள் மணி, படம் பிடித்த கேமராவின் கிர்ரென்ற ஓட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் பொம்பளைக் குரல், அதன் பின்னாலேயே பழையதில் இல்லாத கடல்காக்கையும்; கூடத்தைக் கடந்து, நான் கடைக்குப் போய்விட்டுக் குடையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருக்க, என்னை உரசிக்கொண்டு தெருவுக்குப் போயின. பயத்தில் எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. அவர் சுவிட்சை அணைத்தார். போனவை திரும்பவில்லை.

"என்ன சொல்லுச்சுங்க அது?" என்றேன், காது திறந்ததும்.

"வெயில்ல நிக்காத கண்ணு, இப்படி நெழலுக்கு வா, அப்படீன்னுச்சு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களைப் பார்த்தார்.

ஊர் முதல் நாள் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மறுநாள் பழகிக்கொண்டது. இருமல் போய் பொங்கியண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தது. பொங்கியண்ணன் அதற்குத் தினமும் ஒரு மிளகுப்பால் போட்டு வைத்தார். பால் குறையாவிட்டாலும் இருமல் கொஞ்சம் இளகியது என்றார். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்க ஆட்களுக்குக் கூச்சமாகிவிட்டது. சைக்கிள் மணி மேற்கிலிருந்து கிழக்கே போகும், கிழக்கிலிருந்து மேற்கே வரும்; தெருவில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி வழிவிட்டார்கள், வராத சைக்கிளைப் பார்த்து "பாத்துப் போ" என்றுகூடச் சொன்னார்கள். கேமரா ஓட்டம் வாய்க்கால் மேட்டுப் புங்கமரத்தில் அடைந்துகொண்டது. அந்த மரத்தடியைக் கடக்கும்போது பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள், ஆண்கள் வயிற்றை உள்ளிழுத்தார்கள், சண்டை போட்டுக்கொண்டு வந்த புருசன் பெண்டாட்டி அந்த நிழலைத் தாண்டுகிறவரை சிரித்த முகமாக நடந்து, தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கடல்காக்கை வாய்க்காலில் கொக்குகளோடு இருந்தது. அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, விரட்டவும் இல்லை.

அந்தக் குரல் தெருவிலேயே இருந்தது. காலையில் இருக்காது, சாயங்காலம் இருக்காது. உச்சிவெயிலில் யாராவது நின்றால் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்று, "வெயில்ல நிக்காத கண்ணு, இப்படி நெழலுக்கு வா" என்று சொல்லும். முதலில் மிளகாய் காயப்போடுகிற பெண்களிடம் சொன்னது. அவர்கள் அப்படியே கிளறுகோலைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, ஆடு மிளகாயைத் தின்றது. பிறகு பழைய கவுன்சிலரிடம் சொன்னது. பேரன் பேத்தி எடுத்த மனிதர், சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். அதற்கப்புறம் ஆட்கள் வேண்டுமென்றே வந்து வெயிலில் நிற்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் மண்டிக்காரர் காரை நிறுத்திவிட்டுச் செருப்பில்லாமல் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் அம்மா, தன்னைப் பிறந்ததிலிருந்து யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை என்று சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்சோடு வந்து நின்றார். யாரும் முந்திக்கொள்ளவில்லை, தள்ளிக்கொள்ளவில்லை. ஒருத்தர் நிழலுக்கு நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் வெயிலுக்கு இறங்கினார். எதிர்வீட்டுக்காரர்கள் ஒதுங்குகிறவர்களுக்காகக் கூரையை ஒரு கீற்று நீட்டிப் போட்டார்கள், மோர்ப்பானை வைத்தார்கள்.

நான் மட்டும் போகவில்லை. எனக்குச் சும்மாவே நிழலில் நடந்தாலும் குடை வேண்டும். ஒரு கம்பி ஒடிந்த கறுப்புக் குடை, அதைப் பிடித்துக்கொண்டால்தான் கால் நகரும். உச்சிவேளை ஆனதும் கதவைச் சாத்தி மிக்சியைப் போட்டுவிடுவேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சட்னி குறைந்ததே இல்லை.

"ஊரே நிக்குது, நீ நின்னா என்ன துளசி?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"எனக்குப் பித்தமுங்கண்ணா. வெயில் ஆகாது" என்றேன்.

பித்தமில்லை. அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டு, அதைக் கேட்டு என் காது 'இது அம்மா இல்லை' என்று சொல்லிவிட்டால், கேட்ட பிறகு கேட்காததாக ஆக்க முடியாதே. அம்மாவாக இருந்தாலும் இருக்கும் என்பது வரைக்கும் எனக்கு அவள் இருந்தாள்.

அம்மாவின் குரல் தெரிந்த ஆள் ஒருத்திதான் மிச்சம், என் அத்தை நஞ்சம்மாள். அத்தைக்குக் காது போய்ப் பல வருசம் ஆகிறது. இருந்தும் மனசு கேட்காமல், பிறந்த வீட்டுக்குப் போனபோது கையை ஆட்டி, வாயை அசைத்து விசயத்தை விளக்கினேன்.

அத்தை சிரியோ சிரி என்று சிரித்தாள். "யாரு, ராமாத்தாளா? நெழலுக்கு வா கண்ணுன்னாளா? அவ வாய்ல அப்படியொரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல சாமி. 'அங்க என்னடி நட்டுக்கிட்டு நிக்கறே, எருமை'ன்னுதான் கத்துவா. சந்தையே திரும்பிப் பாக்கும்!"

பஸ்சில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பிறகு, வீட்டில் எருமை என்கிறவள் சந்தையில், பிள்ளை வெயிலில் வாடி நிற்கும்போது, ஒரே ஒரு தரம் கண்ணு என்றிருக்க மாட்டாளா என்று நினைத்தேன். அதற்கும் யாரும் சாட்சி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ப்ளூரே வாங்கியவர்கள் எல்லோரும் பழைய மோனோ எங்கே என்று கேட்கிறார்களாம். அடுத்த வெளியீட்டில் இரண்டும் வைக்கப் போகிறார்களாம். மூலச் சுருள் பாழாகிவிட்டது, உங்களிடம் உள்ள டிவிடிதான் சுத்தமானது, அனுப்பிவைக்க முடியுமா என்று ஒரு தம்பி பணிவாகக் கேட்டார். எத்தனை வருசச் சண்டை. வீட்டுக்காரர் உடனே டிவிடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். சந்தைக் காட்சி வந்தது. மாடுகள் நடந்தன, கூட்டம் வாயசைத்தது, ஒரு சத்தமும் இல்லை.

"ஓட்டை விழுந்துருச்சு துளசி" என்றார் மெதுவாக. "அதுக இங்க வந்துட்டதால அங்க இல்ல."

ஒயரைச் சரியாக மாட்டினால் எல்லாம் திரும்பப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மாட்டாமல் விட்டால், படம் காலத்துக்கும் அந்த வேறெங்கோ பிடித்த இரைச்சலோடுதான் இருக்கும். அவர் யாரையும் கேட்காமல் செய்திருக்கலாம். ஆனால் பொங்கியண்ணன் கடையில் போய்ச் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. குடையோடு நானும் போய் ஓரமாக நின்றேன்.

"நம்மூட்டுக்கு வந்த ஒறம்பரைய வெளிய போன்னு சொல்ற பழக்கம் நமக்கில்லீங்" என்றார் மண்டிக்காரர்.

"ஒறம்பரைன்னா ஒரு நாளைக்கு ஊருக்குப் போகோணுமில்ல?" என்றார் கவுன்சிலர். "அதுகளுக்கும் வீடு வாசல்னு ஒண்ணு இருக்குது."

"இங்க இருந்தா நாம மட்டும் கேப்போம்" என்றார் மேனேஜர் அம்மா. "அங்க போனா, கூப்பிட ஆளில்லாதவங்க எந்த ஊர்ல இருந்தாலும் கேப்பாங்க." சொல்லிவிட்டு டிபன் பாக்சைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

பெஞ்சில் இருமல் ஒரு தரம் இருமியது. பிறகு பொங்கியண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள்.

"அது உன்ற அம்மான்னு சொல்றாங்க. நாங்க என்னத்தப் பேசறது? நீ சொல்லு அம்மிணி."

அது யாரென்றே தெரியாதவளை வைத்து முடிவு செய்யச் சொன்னார்கள். "நாளைக்கு மத்தியானம் கழிச்சுச் சொல்றனுங்" என்றேன்.

மறுநாள் மிக்சியைப் போடவில்லை. உச்சிவேளையில் தெருவில் இறங்கினேன். அன்றைக்கு எனக்காக யாரும் வெயிலுக்கு வரவில்லை. நீட்டிய கீற்றுக்குக் கீழே எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுத்தெரு வரைக்கும் போனேன். ஆனால் வெறும் வெயிலில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். குடைக்குள் நிற்கிறவள் வெயிலில் நிற்கிறவள் இல்லை; கூப்பிடாவிட்டால் குடை இருந்ததால் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அப்படித்தான் என் புத்தி போயிற்று. ஒடிந்த கம்பிப் பக்கம் துணி தொங்கி, ஒரு கை அகலத்துக்கு வெயில் என் இடது தோளில் விழுந்தது. அதை நான் மறைக்கவில்லை.

குரல் வந்தது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தெரு அமைதியாயிற்று. அது என்னைச் சுற்றி வந்தது, ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போகிற மாதிரி, முன்னால், இடப்பக்கம், முதுகுக்குப் பின்னால். நான் வெயிலில் நிற்கிறேனா நிழலில் நிற்கிறேனா என்று அதற்கும் குழப்பம்போல. பிறகு தொங்கிய துணியைத் தாண்டிக் குடைக்குள் வந்தது. வந்து பார்த்தால் நான் நிழலில்தான் இருக்கிறேன். வெயிலில் நிற்காதே என்று சொல்ல வேண்டியதில்லை, நிழலுக்கு வா என்றும் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருந்ததை மட்டும் சொன்னது.

"கண்ணு" என்றது.

அம்மாவா என்று என் காது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் நான் குடையை மடக்கிவிட்டேன். மடக்கி, துணியை இறுக்கிச் சுற்றி, பட்டனைப் போட்டேன். அப்புறம் கீற்றுக்குக் கீழே நின்றவர்களிடம் போய், "அனுப்பீரலாமுங்" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊரே ஒறம்பரையை பஸ் ஏற்றிவிட வருவதைப் போல எங்கள் வாசலுக்கு வந்தது. அவர் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டி, இரண்டு படத்தையும் ஓடவிட்டார். சைக்கிள் மணி கிழக்கிலிருந்து வந்து திரும்பி உள்ளே போயிற்று. கேமரா ஓட்டம் புங்கமரத்தை விட்டு வந்தது. வழியில் நின்ற பெண்கள் கடைசியாக ஒரு தரம் தலையைச் சரிசெய்துகொண்டார்கள். இருமலைப் பொங்கியண்ணன் நிலைப்படி வரைக்கும் கூட்டிவந்து, "பனியில வெளிய வராதீங்கோ" என்றார். குரல் கடைசியாக வந்தது. மேனேஜர் அம்மா கும்பிட்டார். கடல்காக்கை மட்டும் வரவில்லை, அதை யாரும் தேடவும் இல்லை. இன்றைக்கும் வாய்க்காலில் கொக்குகளோடுதான் இருக்கிறது.

புதிய வெளியீடு வந்தது, மோனோவும் சரவுண்டும் இரண்டுமாக. சரவுண்டில் கடல்காக்கை கத்துகிற இடத்தில் இப்போது ஒன்றும் கத்துவதில்லை. மோனோவை எங்கெங்கோ உள்ளவர்கள் பழையதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அருமை, எல்லாம் அப்படியே இருக்கிறது, இருமல்கூட இருக்கிறது, முன்பு புரியாமல் கிடந்த பொம்பளைக் குரல்கூடத் துலக்கமாகிவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் சந்தைக் காட்சியில் அந்தக் குரலின் நடுவே மட்டும் ஒரு சொல் அளவுக்குச் சத்தம் விட்டுப்போயிருக்கிறது, டிவிடியில் கீறல் இருந்திருக்கும் என்றும் எழுதினார்கள்.

வீட்டுக்காரர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "வெயில்ல நிக்காத" என்றது. பிறகு ஒரு இடைவெளி. பிறகு "இப்படி நெழலுக்கு வா" என்றது. தன் டிவிடியில் கீறல் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு கடல்காக்கைச் சத்தத்துக்குச் சாப்பிடாமல் கிடந்த மனிதர். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் பட்டன் போட்டுத் தொங்குகிற குடையைப் பார்த்தார். பெட்டியை அணைத்தார்.

"ரசம் இருக்குதா?" என்று கேட்டார்.

மறுநாள் வேலைக்குப் போய் வரும்போது எனக்குப் புதிதாக ஒரு குடை வாங்கிவந்தார், பூப்போட்டது. மழைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். அதை மறந்துவிட்டுப் போன நாளில் நனைந்துகொண்டு வருகிறேன். கறுப்புக் குடையை நான் விரிப்பதில்லை, ஒடிந்த கம்பியை மாற்றக் கொடுப்பதில்லை, தூசி தட்டும்போதுகூடப் பட்டனை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தட்டுகிறேன்.